சாய்கோடு

பாய லேபாரில், பதினோராம் மாடியில்,
வட்டப்பாதையின் கடைசி ரயிலுக்கு
இன்னும் நாற்பது நிமிடம்.
சியூ ஹுவா குடித்து முடித்த கோப்பிப் பை
திரையின் ஓரத்தில் தொங்குகிறது.

ஜாவா எனக்குக் கற்றுத்தந்த முதல் மரியாதை
யாரையும் நம்பாதிருப்பது.
உலாவி விசாரித்து அனுப்பியதையும்
சர்வர் மறுபடி மேசையில் கொட்டிப் பார்க்கும்.
ஒன்றுமில்லை என்பதிலேயே அங்கு மூன்று வகை:
பெட்டியே வந்து சேராத இன்மை,
பெட்டி வந்தும் உள்ளே வெறுமை,
இடைவெளிப் பட்டையை மட்டும் தட்டிவிட்டு
நிரப்பியதாய்ப் பாவனை செய்யும் வெள்ளை.
மூன்றையும் பிரித்தறிவேன்.
அஞ்சல் எண்ணுக்கு ஆறு இலக்கம்.
கைப்பேசிக்கு எட்டோ ஒன்பதோ முன்னே.
பெயருக்கு எழுத்து, இடைவெளி, புள்ளி,
போதும் என்று
மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, சோற்றுக்குப் போகும் அவசரத்தில்
நான்தான் எழுதினேன் அந்த விதியை.
ஒரே வரி.

இன்றிரவு பிழைப்பதிவைப் புரட்டுகிறேன்.
டயாலிசிஸ் வண்டிக்கான முன்பதிவுப் படிவம்.

6.02. மருதப்பன் எஸ்/ஓ சடையாண்டி.
நிராகரிப்பு.
6.03. அதே பெயர், இம்முறை எல்லாம் பெரிய எழுத்தில்,
அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருப்பார்.
நிராகரிப்பு.
6.08. கோடு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது.
6.11. அப்பா அடைப்புக்குறிக்குள் நிற்கிறார்.
ஒவ்வொரு முறையும் பெட்டிக்குக் கீழே
சிவப்பில் என் வாசகம் வந்திருக்கும்:
"சரியான பெயரைத் தரவும்."

6.19. மருதப்பன்.
ஏற்கப்பட்டது.

பதினேழு நிமிடம்.
சடையாண்டியை நடைபாதையில் இறக்கிவிட்டு
மகன் வண்டியேறிவிட்டார்.

என் அட்டையிலும் உண்டு ஒரு டி/ஓ.
ஆனால் சோதனைக்கு ஒருநாளும்
என் பெயரை நான் இட்டதில்லை.
எப்போதும் 'டெஸ்ட் டெஸ்ட்' என்பவன்தான்,
1990 ஜனவரி முதல் தேதி பிறந்தவன்,
வீட்டு எண்ணும் தொலைபேசியும் கச்சிதம்,
அப்பா இல்லாதவன்.
அவன் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

சாய்கோட்டைச் சேர்த்தேன்.
டி'க்ரூஸ்களுக்காக அந்தரத்தில் தொங்கும் ஒற்றைக் குறியை,
சியூ ஹுவாவின் பெரியப்பா அட்டையில்
இரண்டு பெயருக்கு நடுவே சுருண்டு கிடக்கும் அட்-குறியை.
சிவப்பு வாசகத்தையும் மாற்றினேன்:
"இந்தக் குறியை எங்கள் படிவம் ஏற்கவில்லை."
குற்றம் யாருடையது என்பதாவது தெரியட்டும்.

புதிய சோதனை ஒன்று.
முதன்முதலாய் என் முழுப்பெயரைத் தட்டினேன்:
பூங்குழல் டி/ஓ அரங்கண்ணல்.
பச்சை.

விதி நாளைக் காலை ஆறுக்கு நேரலைக்குப் போகும்.
ஏழுக்கு வண்டி.
அட்டவணையில் அவர் இன்னும் வெறும் மருதப்பன்.
அந்த வரிசையைத் தொட
எனக்கு அனுமதி இல்லை.