ஆறாம் படுக்கைக்கு எழுதிய பசை

பசை என்றுதான் நாங்கள் சொல்வோம்.
இண்டென்ட் புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர்.
ஃப்ரீசரில் ஒன்றே ஒன்று இருந்தது,
அட்டையில் என் கையெழுத்தோடு:
ஆறாம் படுக்கை, தமயந்தி, நாளை முதல் கேஸ்.

இரவு பதினொன்றே காலுக்கு
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தான்
செம்மடுவு சடையன்.
சில்வர் ஓக்கில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி
சாயங்காலமே சறுக்கியிருக்கிறது.
வேட்டி மடிப்பில் இன்னும் பச்சை மிளகுக் கொத்து.
வெட்டி எடுத்த துணியோடு
அதையும் கவரில் போட்டு ஒட்டினேன்.

வயிற்றைத் திறந்ததும்
டாக்டர் மெஹருன்னிசா ஒன்றும் பேசவில்லை.
நைந்த கல்லீரலில் தையல் நிற்காது,
இழுக்க இழுக்க நூல் அறுத்துக்கொண்டு வரும்.
பீய்ச்சும் இரத்தத்துக்கு முகவரி உண்டு, கிளிப் போடலாம்.
இது கசிவு.
மழை விட்ட மறுநாள் ஏற்காட்டுப் பாறை
முழு உடம்பாலும் கசியுமே,
இந்த இடம் என்று விரல் வைக்க முடியாமல்.

"பசை இருக்கா?"
"ஒண்ணு இருக்கு மேடம். நாளைக்கு..."
நிமிர்ந்து பார்த்தார்.
போய் எடுத்து வந்தேன்.

முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் அது உருகும்வரை
கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, என் வழக்கம்.
இரண்டு சிரிஞ்சு, ஒரே மூக்கு.
தனித்தனியே இருக்கும்வரை வெறும் நீர்,
நுனியில் சந்தித்தால் உறையும்.
எந்த ஊரிலோ யாரோ கை நீட்டிக் கொடுத்த
இரத்தத்தின் தெளிவு.

முதல் பூச்சு நிற்கவில்லை.
அடியில் ஈரம், தோலாகக் கழன்று வந்தது.
துடைத்து, அழுத்தி, மறுபடி.
மீதி அரைச் சிரிஞ்சு.
"யாரும் கையை எடுக்காதீங்க."

ஞானசிகாமணி சார்
பிரஷர் எண்களைச் சொல்வதை நிறுத்தியிருந்தார்.
சேர்வராயனுக்கு நேர்ந்துகொள்ளும் குரலொன்று
கண்ணாடிக் கதவுவரை வந்து நின்றது.
நான் மாப் துணிகளை எண்ணினேன்.
பதினேழு, பதினெட்டு. இன்னும் மூன்று உள்ளே.

மேடம் துணியை ஓரத்திலிருந்து நனைத்து
காயத்துக்குத் தெரியாமல் உரித்தார்.
வெளிறிய மஞ்சளில் ஓர் ஆடை.
அதன்மேல் விளக்கின் வெளிச்சம்
நகராமல் கிடந்தது.

விடிகாலை ஐந்தரைக்கு வார்டுக்குப் போனேன்.
தமயந்தி குளித்து, கம்மல் கழற்றி,
தாலிக் கயிற்றின்மேல் பிளாஸ்திரி ஒட்டி
உட்கார்ந்திருந்தாள்.
இரவிலிருந்து தண்ணீர் படாத உதடு.
கோயம்புத்தூரிலிருந்து மருந்து வர
வியாழன் ஆகும் என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
"அப்போ காப்பி குடிக்கலாமா சிஸ்டர்?"

கேட்டருகே சைக்கிள் கேன்காரரிடம்
நானே வாங்கி வந்து கொடுத்தேன்.
சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடச் சொல்லி.