பக்கக் கண்ணாடிக்காரன்

ஒட்டுசுட்டான் சந்தியில்
பாலை நிழலில் ஓட்டோவை விட்டு
ஹயர் வராத பதினொரு மணி.
வலப்பக்கக் கண்ணாடியில் ஒருவன்
சண்டை பிடிக்கிறான்.

அரிசிமணி அளவு ஆள்.
முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் தூக்கி
ஒருக்கால் இடம், ஒருக்கால் வலம்.
உள்ளே நிற்பவனும் அப்படியே.
விட்டுக்கொடுக்கும் எண்ணம்
இரண்டு பேருக்கும் இல்லை.

கடன் கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன்:
முதுகு செங்கல். ஓரம் நீலம்.
நீலமென்றால் பெயின்ற் நீலமில்லை,
ரோட்டில் சிந்தின டீசலில்
மழை விழ ஒரு நீலம் வருமே, அது.
வலை இல்லை.
முன்னுக்கு மட்டும் கண் நான்கு,
நடு இரண்டும் பழைய லொறியின் ஹெட்லைற்.
விரலைக் கொண்டுபோனால் ஓடாது,
திரும்பிப் பார்க்கும்.

இந்தத் திரும்பிப் பார்ப்பதுதான் அடையாளம்.
மற்றச் சிலந்திகள்
எங்களைக் கணக்கெடுப்பதில்லை.

கொப்பியில் இவனுக்கு முன் நான்கு பேர்.
கற்சிலைமடுப் பயிற்றங்கொடியில்
வயிற்றில் சிவப்புக் கோடு இரண்டு இழுத்த வெள்ளைச்சி.
ஆஸ்பத்திரி மதிலில் சாம்பல் சட்டைக்காரன்,
ஈக்குப் பின்னால் பூனைநடை நடப்பவன்.
கொய்யாவில் முசுறுகளோடு முசுறாய்ப் போனவள்:
முன்னங்கால் இரண்டை மீசையென்று ஆட்டினாள்,
எண்ணினேன், எட்டுக் கால்.
எண்ணி முடிப்பதற்குள் கடித்தது அசல் முசுறு.
நாலாவது, படம் கலங்கல், இனம் தெரியாது.
அதற்கு நேரே
"சுதாமதி அக்கா 350" என்று
வராத ஹயர்க் காசு.
இப்போது அதுதான் அதற்குப் பெயர்.

இரண்டாம் நாளும் சண்டை ஓயவில்லை.
ஈ வந்து பக்கத்தில் குந்தியும் பாயவில்லை.
மகளின் பள்ளிக்கூடச் சொக்ஸ் ஒன்றை
கண்ணாடிக்குப் போட்டுவிட்டேன்.

மாங்குளத்துக்கு ஹயர்.
கரிப்பட்டமுறிப்பில் பொலிஸ் மறித்தான்.
"கண்ணாடிக்கு ஏன் சொக்ஸ்?"
சொன்னேன்.
இன்னொருக்கால் சொல்லச் சொன்னான்.
சொன்னேன்.
பின்சீற்றில் மீன் பெட்டியோடு இருந்த மனுசன்
வெளியே பார்த்தபடி இருமினார்.

சொக்ஸை உருவினான்.
கறுப்புக் கண்ணாடியோடு குனிந்தான்.
எங்கள் ஆளும் கால் தூக்கி நின்று
ஒரு நொடி அளந்து
பாய்ந்தான்,
பொலிஸ்காரனின் இடக் கண்ணாடிக்கு.

அந்த முகம் அதற்குப் பிறகு அசையவில்லை.
வாயை மட்டும் திறந்து, மெதுவாய்,
"கடிக்குமா?"
"இல்லை சேர். சேரின்ர கண்ணாடியில
தன்னைப் பார்க்குது."
கடன் கொப்பியை ஓரமாய் நீட்டினேன்.
ஏறினான், திரும்பி இருவரையும் பார்த்தான்.

தண்டம் எழுதினதுதான்.
காரணம்: பக்கக் கண்ணாடி மறைத்தது.
நிறம் கேட்கிற கட்டத்தில்
ஓட்டோவின் நிறத்தை எழுதினான்.

தண்டம் கட்டப் போன தபால் கந்தோரில்
யன்னல் கம்பியில் ஒன்று.
நீலம் குறைவு, கால் மஞ்சள்,
பெட்டையாக இருக்கலாம்.
கொப்பி ஓட்டோவுக்குள்.
தண்டச் சீட்டின் பின்பக்கம்
அவசரமாய்க் குறித்தேன்.

சீட்டை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.