அரைச் சுற்று

பதினோரு ஆண்டுகள் கிளைப்பேடாத் துறைமுகத்தில்
கிரேன் ஓட்டினேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
பால்டிக் காற்று அடித்தால் கூண்டு ஆடும்,
ஆடினால் தேநீர் சிந்தும்.
எத்தனை கன்டெய்னர் தூக்கினேன், கணக்கில்லை.
ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.
நீலம், துரு, நீலம், எண்கள்:
உலக வணிகம் எனக்கு அவ்வளவுதான்.

முதுகுத்தண்டு மக்கர் செய்தது. இறக்கிவிட்டார்கள்.
ஆறு மாதச் சம்பளம், ஒரு கைகுலுக்கல்.

அந்தப் பணத்தில்தான் கடை.
கடை என்றால் கதவில்லை, கல்லாவில்லை;
சமையலறை மேசை, மடிக்கணினி,
பார்சல் நிறுக்க
மாவு நிறுத்த அதே தராசு.
சைக்கிள் மணி விற்கப்போகிறேன் என்றதும்
கீழ்வீட்டு எகிதியுஸ் சிரித்தார்:
"மணி எதற்கு, வாய் இருக்கிறதே?"

நிங்போவிலிருந்து சியூயன் எழுதினாள்:
"அன்புத் தோழி, குறைந்தது ஆயிரம்."
அன்பும் ஆயிரமும் ஒரே வரியில்.
இருநூறு என்றேன்.
"அன்புத் தோழி, ஐநூறு."
எனக்கு இரவு மூன்று, அவளுக்குக் காலை ஒன்பது.
அவள் தலைசீவிக்கொண்டு வந்து பேசினாள்,
நான் போர்வைக்குள் கொட்டாவியோடு பேரம் பேசினேன்.
முந்நூற்றில் முடிந்தது.
முப்பது விழுக்காடு முன்பணம்,
மீதி கப்பல் ஏறுமுன்.
வங்கிக்காரி இருமுறை கேட்டாள்:
"இவர்களைத் தெரியுமா உங்களுக்கு?"
மாதிரிக்கு வந்த மூன்று மணிகளைத் தெரியும்.
ஒன்றைத் தட்டினால்
குளியலறைவரை போய்த் திரும்பி வரும் சத்தம்.
தெரியும் என்றேன்.

பிறகு காத்திருப்பு.
அவர்கள் புத்தாண்டுக்கு ஆலை மூடியது, மூன்று வாரம்.
கப்பல் எங்கோ நின்றது, ஏன் என்று யாரும் சொல்லவில்லை.
எத்தனையோ கப்பல்களைக் காக்கவைத்தவள் நான்;
வரைபடத்தில் ஒரு புள்ளி
இப்போது என்னைக் காக்கவைத்தது.

வந்த நாளில் ஜன்னலோரம் நின்றேன்.
மூன்றாம் கிரேனில் ஷித்ருனாஸாக இருக்கும்,
கடைசி ஒரு மீட்டரில் அவசரப்படுவான்.
மெதுவா, மெதுவாடா என்று
கண்ணாடியில் மூச்சுப் படியச் சொன்னேன்.
என் மூன்று அட்டைப்பெட்டிகள்
எந்த இரும்புக்குள் என்றுகூடத் தெரியாது.

சுங்க அதிகாரி பட்டியலைப் பார்த்தார்.
"இசைக்கருவியா, வாகன உதிரிபாகமா?"
சந்தேகம் தீர ஒன்றைத் தட்டினார்.

டக்.

இசைக்கருவி இல்லை என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் வரிசையாகத் தட்டினேன். டக். டக். டக்.
முந்நூறும் மரத்துப்போன நாக்குகள்.
சியூயனுக்கு ஆறு படம், ஓர் ஒலிப்பதிவு, நான்கு வசவு.
வசவுகளை மொழிபெயர்ப்பு எந்திரம் விழுங்கியிருக்க வேண்டும்,
பதில் அவ்வளவு பதமாக வந்தது:
"அன்பு ஷிவிலே, திருகைக் கடைசிவரை முறுக்கிவிட்டார்கள்.
வழியில் கழன்றுவிடக் கூடாதல்லவா.
பத்திரமாக, பத்திரமாக என்று எழுதினீர்களே."

எழுதியிருந்தேன். ஐந்து முறை.

அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதுமாம்.
எகிதியுஸ் தன் திருப்புளியோடு மேலே வந்தார்.
தளர்த்திய ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்,
தேவைக்கு ஒருமுறை, ஆசைக்கு ஒருமுறை.
நள்ளிரவில் மாடிவீட்டுக்காரர் தரையை உதைத்தார்.
பதிலுக்கு இரண்டு தட்டினார் எகிதியுஸ்.

இருநூற்று எண்பத்தொன்று ஒலித்தன.
பத்தொன்பது கடைசிவரை டக்.
அவற்றை எகிதியுஸ் வாங்கிக்கொண்டார்,
ஏனென்று கேட்கவில்லை, பாதி விலை கொடுத்தார்.

ஜூன் பிறக்குமுன் அட்டைப்பெட்டிகள் காலி.
இரவு மூன்று. கோடை நேரக் கணக்கில் அங்கே எட்டு,
சியூயன் இன்னும் வந்திருக்க மாட்டாள்.
ஐநூறு வேண்டும், பத்து சென்ட் குறை என்று எழுதினேன்.
பழக்கதோஷத்தில் கை
பத்திரமாக என்று அடித்தது.
அழித்தேன்.