நிற எண்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக்
கார் சனிதாவிடம் போகவேண்டும்.
நீதிமன்றம் சொன்னதல்ல இது.
பிரிந்த அன்று சமையலறை மேஜையில்
நாங்களே எழுதிக்கொண்டது:
ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவளுக்கு,
நாய் முழுக்க அவளுக்கு.

இன்று புதன்.
பின் பம்பரின் வலது மூலையில்
ஒரு சாண் நீளக் கீறல்.
கீறலுக்குள் மஞ்சள்.

லியெபாயாவில் அந்த மஞ்சளில் தூண்கள் நிற்பது
ஒரே இடத்தில்தான்,
மருத்துவமனையின் பின்பக்கம்,
ஸ்கேன் எடுக்க வருபவர்கள்
வண்டியை நிறுத்துமிடம்.
சனிதா இந்த ஊரிலேயே பிறந்தவள்.
மஞ்சளைப் பார்த்தால் போதும் அவளுக்கு.

துறைமுகத்துக்குப் பின்னால்
சோவியத் காலத்துக் கொட்டகை வரிசை.
கதவிடுக்கில் கடல் விசிலடிக்கிறது.
இரண்டு டிகிரி.
இந்தக் குளிரில் பட்டி பிடிக்காது என்று
அடுத்த கொட்டகை மோட்ரிஸ்
கோழிக்குஞ்சுகளுக்கு வைத்திருந்த
சிவப்பு விளக்கைக் கொண்டுவந்து தந்தான்.
எங்கே இடித்தாய் என்று கேட்கவில்லை.
குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது,
அதற்குள் கொடுத்துவிடு என்றான்.

சோப்புத் தண்ணீர்.
பிறகு தின்னர் நனைத்த துணி.
மஞ்சள் முதல் துடைப்பிலேயே போய்விட்டது.
சாட்சி போனபிறகும்
காயம் அங்கேயேதான் இருந்தது.

நானூறாம் நம்பர் தாள். எண்ணூறு.
தண்ணீர் தொட்டுத் தொட்டு இரண்டாயிரம்.
நீலம் விலகிச் சாம்பல்,
சாம்பல் விலகிக் கறுப்புப் பிளாஸ்டிக்.
பட்டி வைத்து, காயவைத்து, மறுபடி தேய்த்து
கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்.
கண்ணுக்கு முடிந்துவிட்டது
விரலுக்கு முடியவில்லை.

போன வாரம் மருத்துவரின் விரலும்
என் கழுத்தின் இடப்பக்கம்
போய்ப் போய் ஒரே இடத்தில் நின்றது.
அறிக்கை செவ்வாய்க்கிழமை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால்
தூணில் ஒட்டிய தாளில் நிற எண்.
கடைக்காரி அதைப் பார்த்துக் கலந்து தந்தது
கார் பிறந்த அன்றைய நீலம்.
பன்னிரண்டு வருட வெயிலுக்கும்
சாலை உப்புக்கும்
எண் ஏதும் கிடையாது.

மூன்று மெல்லிய பூச்சு.
நடுநடுவே பத்துப் பத்து நிமிடம்.
அவசரப்பட்டால் ஒழுகும்.
குஞ்சுகளின் வெளிச்சத்தில் குந்தியபடி
மூக்கை மூடிக் காத்திருந்தேன்.
பூசி மெழுகுவதற்கு
இவ்வளவு பொறுமை வேண்டுமென்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளி, ஆறு மணி.
நாயோடு நடந்தே வந்தாள்.
வழக்கம்போலக் காரை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
வலது மூலையில் கையுறையைக் கழற்றினாள்.
நாய் மோந்து பார்த்துத் தும்மியது.
"டயரில் காற்றுக் குறைவு" என்றாள்,
சாவியை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி கார் திரும்பி வந்தது.
நான்கு டயரிலும் காற்று நிரம்பியிருந்தது.
சாய்வெயில்.
என் மூலையைத்தான் முதலில் பார்த்தேன்;
ஆள் காட்டிக்கொடுக்காமல் இருந்தது.
திரும்பும்போது கண்ணில் பட்டது,
முன் பம்பரில்,
பனிவிளக்குக்குக் கீழே, இடப்புறம்,
உள்ளங்கையளவு
வேறொரு நீலம்.

புதிதல்ல.
ஓரத்தில் மெருகு உரியத் தொடங்கிவிட்டது.
எத்தனை வாரம் இதை ஓட்டியிருப்பேன்,
எத்தனை முறை கழுவியிருப்பேன்.
எங்கே இடித்தாள்? யாரைப் பார்க்கப் போனாள்?
அடியில் என்ன நிறம்?
உரிந்த விளிம்பில் நகத்தை வைத்தேன்.
கொஞ்சம் தூக்கினால் போதும்,
ஒரு துண்டாக வந்துவிடும்.

செவ்வாய் வந்து போயிருந்தது.
நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நகத்தை எடுத்துவிட்டேன்.
டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு நீலம் மிச்சம்.
குலுக்கிப் பார்த்து
டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தேன்,
அவள் திறந்தால் தெரிகிற மாதிரி,
கடையின் சீட்டு மேலே பார்க்க.