முன்னால் ஒட்டுவது

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் கடல்
ஏழெட்டுச் சொல் அகலம்.
அதற்குள் மனப்பாடம் ஆக வேண்டும்.
அவர் வாங்கித் தோற்ற நாலு நம்பர் சீட்டுகளின் பின்பக்கம்
ஒன்றுக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்:
டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மந்தம்,
டிஸ் என்றால் ஏதோ சரியில்லை.
பெரி என்றால் சுற்றிலும்.
முதல் நாள் அதைப் பெரிய என்று படித்துவிட்டேன்.
இதயத்தைச் சுற்றிய உறை
எனக்கு மட்டும் பெரிய இதயமாக இருந்தது
ஒரு வாரம்.

நாற்பத்தாறு வயதில் பரீட்சை.
டாக்டர்கள் ஒலிப்பதிவில் மென்று துப்புவதை
பதிவறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவள் நான்.
தேறினால் மாதம் நூற்றெண்பது வெள்ளி கூடும்.

மலாய்க்காரர்களும் முன்னால்தான் ஒட்டுகிறார்கள்.
சாக்கிட் என்றால் வலி.
ஒரு பெ வந்து ஒட்டிக்கொண்டால்
பெசாக்கிட், நோயாளி.
"வலிக்கு முன்னால ஒரு ஆள் வந்து நிக்கிறான், அவ்வளவுதான்"
என்றாள் பக்கத்து மேசை நோர்அய்னி,
தமிழ் வீட்டுக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவள்.

ஹைப்போ குறைவு. ஹைப்பர் மிகை.
டாக்டர் இயோவின் வாயில் இரண்டும் ஒன்று.
மார்ச்சில் ஒரு பிற்பகல், ஏர்கோன் இரைச்சலில்,
பொட்டாசியம் மிகுந்த ஒருவருக்குப்
பொட்டாசியம் குறைவு என்று தட்டிவிட்டேன்.
ஐந்தாம் வார்டுத் தாதி ஃபோன் செய்தாள்.
"அக்கா, இதைப் பார்த்து மருந்து ஏத்தியிருந்தா
இந்நேரம் துணி போர்த்தியிருப்போம்."
றகரத்துக்கு ரகரம் எழுதினால்
எங்கள் வாத்தியார் தலையில் குட்டுவார்.
ஆள் சாக மாட்டான்.
அன்று டப்பாவில் கொண்டுபோன மீஹூன்
அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.
நம் மொழியில் இல்லை கடைசியில் வருகிறது.
வர என்கிற இடம் வரைக்கும்
இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.
வாக்கியம் முடியும் மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஆசைப்படலாம்.
இந்தச் சொற்களிலோ
இல்லை வாசலிலேயே நிற்கிறது, ஜாகாவைப் போல,
அ என்றும் அன் என்றும் சட்டை மாற்றிக்கொண்டு.
தமிழில் அ ஒரு சுட்டு.
அந்த மரம், அந்தக் கரை, அவர்.
தூரத்தில் இருக்கிறது பார் என்று கை நீட்டும்.
இங்கே அதே எழுத்து
அதே கையை நீட்டி
அங்கே ஒன்றும் இல்லை என்கிறது.

செவ்வாய், வியாழன், சனி அவருக்கு டயாலிசிஸ்.
ஈப்போவுக்கும் அலோர்ஸ்டாருக்கும்
இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர்,
வழியில் ஒதுங்க நேரமில்லாமல் அடக்கியே ஓட்டினேன்,
அதான் இப்படி ஆச்சு என்பார்.
அப்படியில்லை, சர்க்கரை என்றார்கள்.
அவர் ஒத்துக்கொள்ளவில்லை.
ஹீமோ என்று நான் எழுதிய சீட்டின் மறுபக்கம் 7309.
ஒரு எண்ணில் போச்சு என்று
இன்னமும் அதைப் பார்த்துப் புலம்புவார்.

போன சனிக்கிழமை ஃபெரியில்
கிளினிக் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.
"நீதான் படிக்கிறியே. என்ன போட்டிருக்கு?"
மூன்றாவது வரி.
அன்யூரியா.
சீட்டை எடுக்க வேண்டியிருக்கவில்லை.
முதல் அசையிலேயே முடிந்துவிட்டது எனக்கு.

"இனிமே ஒண்ணுக்கு," என்றேன்,
"தானா வர"

அங்கே நின்றுவிட்டேன்.
தமிழ் என்னை நிற்க விட்டது.

"வரலாங்கிறாங்களா?" என்றார்.

ஜெட்டி டயர்களில் படகு இடித்தது.
எல்லோரும் எழுந்தார்கள்.
சீட்டுகளை ரப்பர்பேண்டு போட்டுப் பையில் வைத்தேன்.
அவர் கடிதத்தை நாலாக மடித்தார்,
நம்பர் சீட்டை மடிப்பது போலவே,
முடிவு இன்னும் வராததைப் போல.