பார்த்தவர் பெயர்

பொகவந்தலாவையிலிருந்து டாக்டர் வருவது புதன்கிழமை மட்டும்.
இன்று திங்கள்.
தோட்டத்து டிஸ்பென்சரியில் நானும்
ஜன்னல் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்த
ஓர் இங்கிலிஷ் அகராதியும்.
முன்பக்கங்கள் கரையானுக்குப் போயின.
'எல்' எழுத்து தப்பிவிட்டது.

மழை விட்ட இடைவெளியில் யோகராணி வந்தாள்,
ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து,
படங்கை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.
கெண்டைக்காலில் மூன்று கடிவாய்.
சவர்க்காரம் பூசியும் ஏறியிருக்கின்றன.
கடித்தவை குடித்து விழுந்து ஒரு மணிநேரம்.
இரத்தத்துக்கு இன்னும் செய்தி எட்டவில்லை.

பதிவேட்டில் இங்கிலிஷில்தான் எழுதவேண்டும்.
எழுத்துப் பிழைக்குப் பயந்து புரட்டப்போய்க் கண்டேன்:
லீச் என்றால் அட்டை.
லீச் என்றால், முற்காலத்தில், வைத்தியன்.
இரண்டும் ஒரே சொல்லா,
இல்லை, இரண்டு சொற்கள் ஒரே லயத்தில் குடியிருந்து
முகம் ஒத்துப்போனதா,
அகராதிக்கே நிச்சயமில்லை.
மருந்து குழைக்கிற விரலுக்கு
லீச் விரல் என்றும் பெயர் இருந்ததாம்.
மோதிர விரல்தான் அது.

சொன்னேன். சிரித்தாள்.
"பேர் பொருத்தந்தான் சேர்.
ஆனா அட்டை நாள் பார்த்து வாறதில்ல.
கூப்பிடாமலே வருது, ஞாயித்துக்கிழமையும்."

பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவள் சற்றுப் பொறுத்து,
"நம்ம பாஷையில மட்டும் என்னவாம்?
எங்கம்மா போன ஆபீஸ்லயெல்லாம்
அட்டை எங்க, அட்டை எங்கன்னு கேட்டாங்களாம்.
காலெல்லாம் அட்டை.
கையில ஒண்ணு வர
நாப்பத்தாறு வயசாச்சு."

பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
அதனால் பெஞ்சில் உட்காரமாட்டாள்.
சுண்ணாம்பு டப்பாவை அவளே திறந்து
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
கொழுந்துக் கறையில் வெடித்துக் கிடப்பதால்
மோதிர விரலால் தொட்டு வைத்துக்கொண்டாள்.
மோதிரம் ஹட்டன் அடகுக்கடையில்.

அவள் மேட்டில் ஏறி மறைந்தபின் கட்டங்களை நிரப்பினேன்.
பெயர்: இனிஷியலோடு, முழுப்பேர்.
காரணம்: லீச்.
அதற்குக் கீழே, பார்த்தவர்.
புதன்வரை வெறுமையாக விடுவதுதான் வழக்கம்.

மேற்படி போட்டேன்,
இரண்டு சின்னக் கோடு.
புல் நுனியில் அவை
தலையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே,
அப்படியே இருந்தது.