மேட்டில் மட்டும்

ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது மட்டும்
அந்தச் சத்தம்.
மூன்றாம் கியர், நாற்பது வேகம்,
மிதியை அழுத்தினால்
தகர டப்பிக்குள் நாலு கோலிக்குண்டு.
காலை எடுத்தால் இல்லை.
இறக்கத்தில் இல்லை.
சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடுதல்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்து மாருதி.
மூன்றாவது சொந்தக்காரி நான்.

“கேக்கா?” என்றேன்.
“என்னது?” என்றார் பிரம்மநாயகம்.
“டிக்டிக்டிக்குனு.”
“வண்டி நல்லாத்தான போவுது.
உனக்கு வேற வேலை இல்ல.”

என் வேலையே அதுதான்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து
குமிழைத் திருகுகிறேன்.
கேட்டா கையைத் தூக்குங்க.
லேசாக் கேட்டாலும் தூக்குங்க.

மேலப்பாளையத்தில் பிச்சைமைதீன் பட்டறை.
நிறுத்திவைத்து முறுக்கினால்
வண்டி நல்ல பிள்ளையாக உறுமியது.
“பாரம் இல்லாம இது பேசாதுக்கா.”
பக்கத்துக் கடையில் சொல்லி
இரண்டு சிமெண்டு மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றி
தானும் ஏறிக்கொண்டான்.
கொக்கிரகுளம் வழியாக ஆற்றைத் தாண்டி
பாலத்துக்கே போனோம்.
பின்னால் டவுன் பஸ் ஹாரன்.
பாதி மேட்டில்
சத்தம் வந்த அந்தக் கணமே
கையைத் தூக்கினான்,
நான் சொல்லிக்கொடுக்காமலே.

முதல் சந்தேகம் பெட்ரோல் மேல்.
விலை கூடியதில் ஐந்து லிட்டர் ஊற்றினோம்.
குறைந்தது, போகவில்லை.
மூன்று பிளக்கையும் கழற்றினான்.
பால்பல் மாதிரி வெளுத்துக் கிடந்தன.
“பிஸ்கட் கலர்ல இருக்கணும்.
உள்ள சூடு சாஸ்தி.”
ரேடியேட்டரில் தண்ணீர் உண்டு.
ஃபேன் சுற்றுகிறது.
அப்புறம்தான் டைமிங் லைட்டை எடுத்தான்.
சிறு ஜன்னல் போன்ற ஓட்டைக்குள்
பத்தில் நிற்கவேண்டிய கோடு
பதினெட்டில் நின்று துடித்தது.
டிஸ்ட்ரிபியூட்டரை விரலால் தொட்டான்,
ஆடியது.
போன தடவை யாரோ
போல்ட்டை முழுசாக இறுக்கவில்லை.

“பொறி முந்துதுக்கா.
பிஸ்டன் மேல வந்துகிட்டே இருக்கு.
அது வந்து சேருமுன்ன
தீ மண்டையில அடிக்கி.
அந்த அடிதான் உங்களுக்குக் கேக்கு.”

முந்துகிறது.

“வரும்போது கொத்த—”
“வாங்கியாச்சு, வாங்கியாச்சு.”
வாங்கியிருக்கமாட்டார்.
“சின்னவளுக்கு ஃபீஸ்—”
“சரி, சரி, செய்வோம்.”
என் வாய் பாதி திறந்திருக்கும்,
பதில் வந்து நிற்கும்.
பொறுமை கெட்ட மனுசன் என்று
பதினேழு வருடமாக
ஒரே வரியில் எழுதி மூடிவைத்திருந்தேன்.

பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலை.
இருபத்திரண்டு வருடம் ரிங் ஃபிரேம்.
அங்கிருந்து வரும் ஆட்களுக்கு
நான் வரையும் படம் எப்போதும் ஒன்றுதான்.
நேராகப் போகும் கோடு
நாலாயிரத்தில் பள்ளத்தில் விழும்.
மெல்லிய சத்தங்கள் முதலில் போகும்.
குருவி. கொலுசு. ச, ஸ.
எத்தனையோ வரைந்தாயிற்று.
வீட்டில் இருக்கும் ஒருவரை
அந்தக் கண்ணாடி அறைக்குள்
ஒருநாளும் உட்காரவைத்ததில்லை.

பிச்சைமைதீன் ஸ்பேனரை எடுத்தான்.
“இன்னைக்கு வேண்டாம் தம்பி,” என்றேன்.
“அக்கா, இப்படியே ஓட்டினா பிஸ்டன் போயிரும்.”
“ஒரு தடவைதான்.
நாளைக்குக் காலையில கொண்டாறேன்.”
துணியில் கையைத் துடைத்தபடி
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

சாயங்காலம் மில் வாசலில் ஏற்றிக்கொண்டேன்.
கைக்கடிகாரப் பட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது.
“சத்தம் கேட்டா கையைத்—”
“சரி, சரி.”

டவுன் தாண்டி, பாலம்.
மூன்றாம் கியர்.
மிதித்தேன்.
கோலிக்குண்டுகள் தெறித்தன.
இன்னும் மிதித்தேன்.
என் பல்லில் கூசியது.
முழங்காலில் அந்தக் கை
பஞ்சோடு அப்படியே கிடந்தது.
உச்சி வரைக்கும் கிடந்தது.

இறக்கத்தில், சத்தம் நின்றபிறகு,
தூக்கினார்.
“அந்தா, ஓரமா இடம் இருக்கு பாரு.
நிப்பாட்டு,
ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்.”